தாத்தாவின் வேட்டி

அந்துருண்டையின் வாசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு கதைகளில் எழுதியும் இருக்கிறேன். கல்யாண வீட்டில் பெண்கள் கூட்டமாக நுழையும்போது பட்டுப் புடவைகளோடு சேர்ந்து உள்ளே வருமே, அந்த வாசனை. மல்லிகையும் சந்தனமும்தான் கல்யாண வாசனை என்று மற்றவர்கள் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால், ஒரு வருஷம் பெட்டிக்குள் அடைந்து கிடந்து அன்றைக்கு வெளியே வந்த அந்துருண்டைதான் முதலில் நினைவுக்கு வரும். சில ஊர்களில் பாச்சை உருண்டை என்பார்கள்.

2011-ஆம் வருஷம் ஆவணி மாதத்துக்குப் பிறகு நான் அப்படிச் சொல்வதில்லை. பஸ்ஸில் பட்டுப் புடவை கட்டிய அம்மாள் யாராவது பக்கத்து ஸீட்டில் வந்து உட்கார்ந்தால் கொஞ்சம் நகர்ந்துகொள்கிறேன். இது அசட்டுத்தனம்தான். அந்த வாசனை என்னை ஒன்றும் செய்யாது. என் இரத்தத்தை எடுத்துப் பரிசோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

அந்த ஆவணியில்தான் என் தங்கைக்குத் தலைப்பிரசவம். குளித்தலையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆண் குழந்தை. மூன்றாம் நாள் வீட்டுக்கு அழைத்துவந்தோம். அம்மாயி வாசலிலேயே காத்திருந்தாள். அம்மாயி என்றால் என் அம்மாவைப் பெற்றவள். அப்போது அவளுக்கு 77 வயது. குழந்தையைக் கையில் வாங்கி முகத்தைப் பார்த்தாள். வழக்கமாகச் சொல்கிற வார்த்தையைத்தான் சொன்னாள்: “அப்படியே தாய்மாமன் ஜாடை.”

நான்தான் தாய்மாமன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அம்மாயி பார்த்துக்கொண்டிருந்தது என் முகத்தை அல்ல என்பது எனக்கு அப்போதே தெரியும். கூடத்துச் சுவரில், மாலை போட்ட சட்டத்துக்குள், அரும்பு மீசையோடு ஒரு படம் இருக்கிறது. அது என் அம்மாவின் தம்பி. எனக்கும் தாய்மாமன் ஒருவர் உண்டு. நான் பிறப்பதற்கு நாலு வருஷம் முன்பே, 1976-இல், பதினெட்டு வயதில் போய்விட்டார்.

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. வீட்டில் வெகுகாலம் வாழ்ந்த பெரியவருடைய பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றுவார்கள். துணியும் மெத்தென்று இருக்கும். அவருடைய ஆயுசும் குழந்தைக்கு வரும். எங்கள் தாத்தா 82 வயது வரை கைத்தடி இல்லாமல் காவிரிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தவர். அவர் போன பிறகு அவருடைய எட்டு முழ வேட்டிகள் மூன்றை அம்மாயி தன் டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்திருந்தாள். பேரனுக்கோ கொள்ளுப்பேரனுக்கோ ஆகும் என்று வைத்ததுதான். பூச்சி அரிக்காமல் இருக்க, மடிப்புக்கு மடிப்பு நாலு நாலு உருண்டை. பெட்டியைத் திறந்தபோது வீடே மணத்தது. ஒரு உதறு உதறி, வெயிலில்கூடப் போடாமல், குழந்தையைச் சுற்றி என் தங்கையின் பக்கத்தில் கிடத்தினாள்.

ஐந்தாம் நாள் குழந்தையின் முகம் மஞ்சளாக இருந்தது. இதில் யாரும் பயப்படவில்லை. பச்சைக் குழந்தைகளில் பாதிக்கு மேல் மஞ்சளாகிறதுதான். காலை வெயிலில் காட்டினால் சரியாகிவிடும். காட்டினோம். சாயங்காலம் மார்பும் வயிறும் மஞ்சள். மறுநாள் விடியும்போது உள்ளங்கால் மஞ்சள். பால் குடிக்கவில்லை. அழவும் இல்லை. அழாததுதான் அம்மாவை எழுப்பிவிட்டது. “தம்பி, வண்டியைக் கூப்பிடு” என்றாள். திருச்சி 35 கிலோமீட்டர் இருக்கும். அத்தனை தூரமும் காவிரிக் கரையோரமாகவே போகிற சாலை. நான் ஆற்றைப் பார்க்காமல் வந்த ஒரே பிரயாணம் அதுதான்.

ஆஸ்பத்திரியில் குழந்தையின் கண்ணைக் கட்டி நீல வெளிச்சத்தில் போட்டார்கள். அந்த வெளிச்சத்துக்கு ஒரு கதை உண்டு, பிற்பாடு படித்தேன். இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பக்கத்து ராச்ஃபோர்டு என்ற ஊர் ஆஸ்பத்திரியில் வார்டு என்ற நர்ஸ் குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலில் கொண்டுபோய் வைப்பாளாம். 1956-இல் ஒரு நாள், வெயில் பட்ட இடத்தில் குழந்தையின் மஞ்சள் வெளுத்திருப்பதையும், துணி மறைத்த இடத்தில் அப்படியே இருப்பதையும் டாக்டர்களுக்குக் காட்டினாள். அதிலிருந்து வந்ததுதான் இந்த விளக்கு. நம் பாட்டிமார்களின் காலை வெயில் வெறும் பேச்சல்ல என்று படித்தபோது சந்தோஷமாக இருந்தது. ஆனால் எங்கள் குழந்தைக்கு வெளிச்சம் போதவில்லை. பித்தநீர்ச் சாயம் இரத்தத்தில் 24 வரை ஏறிவிட்டது. இன்னும் ஏறினால் மூளையில் போய்த் தங்கிவிடும். பிறகு காது போகலாம், கைகால் போகலாம், உயிரே போகலாம். இரத்தத்தையே மாற்றவேண்டும் என்றார்கள்.

மூன்று கிலோக் குழந்தையின் உடம்பில் இருக்கும் மொத்த இரத்தம் கால் லிட்டர்தான். ஒரு பெரிய டம்ளர் காபி. கொப்பூழ் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக வேறு இரத்தம் செலுத்தி, அந்த டம்ளரைப் போல இரண்டு மடங்கை மாற்றினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அம்மா தாழ்வாரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

அதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். குழந்தையை வாங்கி மேஜைமேல் கிடத்தித் துணியை விலக்கிய டாக்டரம்மாள், என்னைவிடச் சின்னவர், சட்டென்று நிறுத்தினார். வேட்டித் துண்டை முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

“வீட்ல அந்துருண்டை போடுவீங்களா?” என்று கேட்டார்.

குழந்தை கிடக்கிற கிடைக்கு இது என்ன கேள்வி என்று எனக்குக் கோபம் வந்தது. அம்மாதான் “ஆமாங்க” என்றாள்.

“இந்தத் துணியை வெளியே போட்டுடுங்க. குழந்தையோட துணி எதுலயும் இது படக்கூடாது. தாய்மாமன் யாருக்காவது, சின்ன வயசுல, மாத்திரை சாப்பிட்டுக் காமாலை வந்திருக்கா?”

“நான்தாங்க தாய்மாமன். எனக்கு எதுவும் வந்ததில்லை” என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நானும் அதைக் கவனிக்கவில்லை.

எடுத்த இரத்தத்தில் ஒரு சொட்டை எனக்குக் காட்டியவர் பரிசோதனைக்கூடத்து டாக்டர். என் கதைகளை விடாமல் படிப்பவர் என்று சொல்லிக்கொண்டார். எந்தக் கதை பிடித்தது என்று கேட்டேன். வேறொருவர் எழுதிய கதையைச் சொன்னார். இருந்தாலும் நல்ல மனிதர். மைக்ராஸ்கோப்பில் என் கண்ணை வைக்கச் சொல்லி, திருகைத் திருகித் தெளிவாக்கிக் கொடுத்தார்.

நான் கல்லூரியில் இரண்டு வருஷம் எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தவன். அதிலும் சரித்திரம். இரத்த அணுவைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தட்டுத்தட்டாக, இளஞ்சிவப்பாக, அப்பளம் பரப்பிக் காயவைத்தது போல இருந்தது. பல அப்பளங்கள் முழுசாக இருந்தன. நடுநடுவே சில ஓரத்தில் அரைவட்டமாகக் குறைந்திருந்தன. யாரோ ஒரு குழந்தை ஒவ்வொன்றிலும் ஒரு வாய் கடித்துவிட்டு வைத்தது போல. “டாக்டர்கள் இதுக்குக் கடிபட்ட அணுன்னே பேர் வெச்சிருக்காங்க சார்” என்றார். இன்னொரு கண்ணாடித் துண்டில் ஊதாச் சாயம் போட்டிருந்தார். அதில் அணுவின் ஓரமாகச் சின்னச் சின்ன ஊதாப் புள்ளிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு ஹைன்ஸ் துகள் என்று பெயர். 1890-இல் ராபர்ட் ஹைன்ஸ் என்ற ஜெர்மானியர் கண்டு எழுதியது.

இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரையில் சொல்கிறேன். தப்பிருந்தால் படித்த வாசகர்கள் மன்னிக்கவேண்டும்.

இரத்தத்தின் சிவப்பு இரும்பினால் வந்தது. இரும்பும் காற்றும் சேர்ந்தால் துரு. நம் வீட்டுத் தோசைக்கல்லுக்குத் தெரிந்த விஷயம் அது. சிவப்பணுவோ நாள் முழுவதும் பிராணவாயுவைச் சுமந்துகொண்டு ஓடுகிறது. அதற்கு எத்தனை துரு பிடிக்க வேண்டும்! பிடிக்காமல் இருப்பதற்காக அதற்குள் ஒரு எண்ணெய்ப் பூச்சு போல ஓர் ஏற்பாடு இருக்கிறது. அந்த எண்ணெயை ஓயாமல் ஊற்றிக்கொண்டிருக்க ஒரு என்சைம் உண்டு. நொதி என்று தமிழில் சொல்கிறார்கள். குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டீஹைட்ரஜனேஸ் என்பது அதன் முழுப்பெயர். ஜி-6-பி-டி என்று செல்லமாகக் கூப்பிடலாம். மற்ற அணுக்களுக்கு இந்த ஒரு வழி அடைபட்டால் வேறு வழி இருக்கிறது. சிவப்பணுவுக்கு வேறு வழி இல்லை. அதற்கு உட்கரு கிடையாது. தீர்ந்துபோனதைப் புதிதாகச் செய்துகொள்ளத் தெரியாது. பிறக்கும்போது மடியில் கட்டிக்கொடுத்ததை வைத்துக்கொண்டுதான் அதன் 120 நாள் வாழ்வையும் நடத்தவேண்டும்.

சிலருக்கு அந்த மடியே பாதி காலி. அப்படிப் பிறந்தவர்கள் உலகத்தில் சுமார் 40 கோடிப் பேர் என்று கணக்கு. அநேகம் பேருக்குக் கடைசிவரை தெரிவதே இல்லை. ஏனென்றால் சாதாரண நாட்களில் அந்தப் பாதியே போதும். ஆனால் துருவை அதிகமாக்கும் ஏதாவது ஒன்று உள்ளே போனால் எண்ணெய் தீர்ந்துவிடுகிறது. சிவப்புப் பொருள் திரிந்து கட்டியாகி ஓரத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஹைன்ஸ் பார்த்த புள்ளி அதுதான். மண்ணீரல் அந்தக் கட்டியைப் பார்த்ததும், வேண்டாத இடத்தைப் பிய்த்து எறிவது போலப் பிய்த்துவிடுகிறது. கடித்த அப்பளம் அதுதான். பிய்ந்த அணு நாள்பட நிற்காது, உடைகிறது. உடைந்ததிலிருந்து மஞ்சள்.

உள்ளே போகும் அந்த ஏதாவது ஒன்றில் அந்துருண்டையின் நாப்தலீனும் ஒன்று. சுவாசத்தோடும் போகும், பச்சைக் குழந்தையின் மெல்லிய தோல் வழியாகவும் போகும்.

ஆஸ்பத்திரியிலேயே அந்த என்சைமை அளந்து பார்த்தார்கள். “சரியாக இருக்கிறது” என்று வந்தது! எனக்குத் தலை சுற்றிவிட்டது. என் தங்கையின் மாமியார் மட்டும், “எங்க பக்கத்துல இந்த மாதிரி யாருக்கும் கிடையாது, நாங்கதான் அப்பவே சொன்னோமே” என்றார். என்ன சொன்னார்கள் என்பது யாருக்கும் தெரியாது. டாக்டரம்மாள் அசையவில்லை. வயதான அணுக்கள்தான் முதலில் உடையும். எண்ணெய் மிச்சமிருக்கும் இளம் அணுக்கள் தப்பிவிடும். போதாததற்குப் பாதிக்கு மேல் வேறொருவர் இரத்தம் ஏற்றியிருக்கிறது. இப்போது அளந்தால் யாருடையதை அளக்கிறோம்? மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார். கார்த்திகையில் போனோம். குறைவு என்று வந்தது.

அன்றைக்கு அவர் ஒரு காகிதத்தில் எங்கள் வம்சத்தை வட்டமும் சதுரமுமாக வரைந்தார். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். இந்தக் குறை எக்ஸ் என்ற குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. பெண்ணுக்கு அது இரண்டு. ஆணுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் தாயிடமிருந்து வந்தது. பெண்ணுக்கு ஒன்று கெட்டால் இன்னொன்று பெரும்பாலும் காப்பாற்றிவிடும். ஆணுக்கு மாற்று இல்லை. அப்பாவின் இரத்தத்தைப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. ஆகவே தங்கைக்கு அம்மாவிடமிருந்து வந்திருக்கிறது. என் இரத்தத்தைப் பார்த்தார்கள். அம்மாவின் இரண்டில் நல்லது என் பக்கம் விழுந்திருந்தது. பூவா தலையா போட்டது போல.

காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாயிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து அவள் மகனுக்கு. நடுவில் இருக்கும் பெண்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை. தெரிவதெல்லாம் தாய்மாமனிடம் ஒரு தரம், மருமகனிடம் ஒரு தரம். காது குத்தும்போது மடியில் உட்காரவைத்துக்கொள்கிற அந்த உறவின் வழியே, கோடு போட்டது போல இது இறங்கி வருகிறது. அம்மாயி சொன்ன ஜாடை முகத்தோடு நிற்கவில்லை.

டாக்டரம்மாள் ஒரு பட்டியல் கொடுத்தார். குழந்தைக்கு ஆகாத மருந்துகள். நான் உரக்கப் படித்தேன். “டாப்ஸோன், நைட்ரோஃப்யூரன்டாயின், ப்ரைமாக்வின்...”

“அது எதுக்குக் கொடுக்கிறதுங்க?” என்று அம்மா கேட்டாள்.

“ப்ரைமாக்வினா? மலேரியாவுக்கு.”

“சின்ன மாத்திரைங்களா? கசப்பு மாத்திரையோட சேத்து, தினம் ஒண்ணு?”

டாக்டரம்மாள் பேனாவைக் கீழே வைத்தார்.

எனக்கு அதுவரை மாமா ‘ஜுரத்தில் போனார்’ என்றுதான் தெரியும். அன்றைக்கு அந்த அறையில்தான் முழுக்கக் கேட்டேன். 1976-இல் நாடு முழுவதும் மலேரியா பரவியது. அந்த ஒரு வருஷத்தில் 64 லட்சம் பேருக்கு வந்ததாகக் கணக்கு இருக்கிறது. பத்து வருஷம் முன்பு ஒரு லட்சம் அளவுக்குக் குறைந்து, ஒழிந்துவிட்டது என்றே நினைத்திருந்த வியாதி. மாமா மதராஸில் ஹாஸ்டலில் இருந்து படித்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்ஜுரத்தோடு ஊருக்கு வந்தார். ஊர் டாக்டர் கசப்பு மாத்திரையும், ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமியைக் கொல்லுவதற்கென்று இந்தச் சின்ன மாத்திரையும் கொடுத்தார். அதற்கு மருந்து அதுதான், இன்றைக்கும் அதுதான். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. “அஞ்சு நாள், பாதியில் நிறுத்தக்கூடாது” என்று சொல்லி அனுப்பினார். மாத்திரையை எண்ணிக் கொடுக்கிற வேலை அம்மாவுக்கு. அவளுக்கு அப்போது இருபது வயது.

மூன்றாம் நாள் மாமாவுக்குச் சிறுநீர் கருப்பட்டிக் காபி போலப் போயிற்று. வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை. நாலாம் நாள் அக்காவிடம் மட்டும் சொன்னார். “மருந்துச் சூடா இருக்கும்டா. பாதியில நிறுத்தக்கூடாதுன்னு சொல்லியிருக்கார்” என்று சொல்லி அம்மா நாலாவதைக் கொடுத்தாள். மறுநாள் ஐந்தாவதையும் கொடுத்தாள். மோர் கொடுத்தாள், இளநீர் கொடுத்தாள். பிறகு சிறுநீரே நின்றுவிட்டது. பத்தாம் நாள் எல்லாம் முடிந்தது.

துக்கத்துக்கு வந்தவர்கள் நடுவில் அம்மாயி ஒரே ஒரு தரம் சொன்னாளாம்: “உன் கையாலதானேடி கொடுத்தே.” அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அப்புறம் ஒருநாளும் சொன்னதும் இல்லை. முப்பத்தைந்து வருஷம் ஒரே தெருவில் இருந்து, ஒரு நாள்கூடக் குழம்பு பரிமாறிக்கொள்ளாமல் இருந்ததில்லை இருவரும்.

“அதுதானா?” என்று கேட்டேன்.

“இருக்கலாம்” என்றார் டாக்டரம்மாள். “அவர் இரத்தத்தை யாரும் பார்க்கலையே.”

அந்தச் சின்ன மாத்திரையைப் பற்றி வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்தில் ஜோலியட் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஸ்டேட்வில் என்று ஒரு சிறைச்சாலை. இரண்டாவது யுத்த காலத்தில் தொடங்கி அங்கே கைதிகளுக்கு மலேரியாவை உண்டாக்கி மருந்துகளைச் சோதித்தார்கள். கைதிகள் சம்மதித்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பவனுடைய சம்மதம் எப்படிப்பட்டது என்று நான் சொல்லவேண்டியதில்லை. அவர்களில் சிலருக்கு, முக்கியமாகக் கறுப்பு இனத்துக் கைதிகளில் சிலருக்கு, ப்ரைமாக்வின் கொடுத்ததும் இரத்தம் உடைந்தது. குற்றம் உடம்பிலா, அணுவிலா? ஒரு கைதியின் அணுக்களில் கதிர் வீசும் குரோமியத்தைப் பதித்து, மருந்து ஒத்துக்கொள்கிற இன்னொரு கைதியின் உடம்பில் ஏற்றி மாத்திரை கொடுத்தார்கள். வந்த அணு உடைந்தது; அந்த உடம்பின் சொந்த அணு உடையவில்லை. ஆக, குற்றம் அணுவுக்குள். 1956-இல் கார்ஸன், ஆல்விங் முதலியவர்கள் அது இன்ன என்சைம் என்று பெயர் சொல்லி எழுதிவிட்டார்கள்.

1956 என் அம்மா பிறந்த வருஷம். ஜோலியட்டிலிருந்து காவிரிக் கரைக்கு ஒரு செய்தி வந்து சேர 20 வருஷம் போதவில்லை.

இன்னொன்றும் படித்தேன். இந்தக் குறை எங்கெல்லாம் மிகுதியோ அங்கெல்லாம் பழைய காலத்தில் மலேரியா மிகுதி. ஆப்பிரிக்கா, மத்தியதரைக் கடற்கரை, நம் தேசம். நம் தேசத்து வகை ஒன்றுக்குக் கேரளா-கல்யாண் என்று ரயில் வண்டிக்கு வைப்பது போலப் பெயர் வைத்திருக்கிறார்கள். கொடிய மலேரியாவிலிருந்து இது கொஞ்சம் காப்பாற்றியிருக்க வேண்டும், அதனால்தான் தலைமுறை தலைமுறையாக நிலைத்திருக்கிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். எங்கள் முப்பாட்டிகளில் யாரையோ ஜுரத்திலிருந்து காப்பாற்றியதுதான் மாமாவை ஜுர மருந்திடம் காட்டிக்கொடுத்தது என்று வைத்துக்கொள்ளலாமா? கதை எழுதுகிறவன் புத்தி இப்படித்தான் போகும்.

பெண்களுக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அது முழுக்கச் சரியல்ல. பெண்ணின் ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டு எக்ஸில் ஒன்று தூங்கிவிடுகிறது என்று 1961-இல் மேரி லயன் என்ற ஆங்கிலேய அம்மையார் சொன்னார். அடுத்த வருஷமே எர்னஸ்ட் பாய்ட்லர் என்பவர் இந்த என்சைமை வைத்தே அதற்குச் சாட்சி காட்டினார். என் அம்மாவைப் போன்ற ஒரு பெண்ணின் இரத்தத்தில் இரண்டு ஜாதி அணுக்கள் கலந்து ஓடுகின்றன: சில நிறைந்த மடி, சில காலி மடி. அம்மாவிடம் இதைச் சொன்னேன். “அப்ப எனக்குள்ளே அவனும் கொஞ்சம் ஓடிக்கிட்டிருக்கான்னு சொல்லு” என்றாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் முக்கொம்பு தாண்டிய பிறகு, “அந்த மாத்திரையை மூணாம் நாளே நிறுத்தியிருந்தா?” என்று கேட்டாள். நான் என்ன சொல்ல? பேசாமல் இருந்தேன். கொஞ்சநேரம் கழித்து அவளே, “தெரியாதுல்ல” என்றாள். அப்புறம், “தம்பி, வேட்டி விஷயத்தை அம்மாயிகிட்ட ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது. உன் தங்கச்சிகிட்டயும் சொல்லிடு” என்றாள்.

குழந்தையைச் சுற்றிய வேட்டித் துண்டுகள் ஆஸ்பத்திரியில் தொலைந்துவிட்டன என்று அம்மாயியிடம் சொன்னோம். “போகட்டும், இன்னும் ரெண்டு வேட்டி இருக்கே” என்றாள். அந்த இரண்டையும் அம்மா துணி துவைக்கிற சாக்கில் வாங்கிக்கொண்டு வந்து, மூன்று தரம் துவைத்து, ஒரு வாரம் மொட்டை மாடியில் காயப்போட்டாள். பிறகும் குழந்தைக்கு உபயோகிக்கவில்லை. “உன் கையாலதானே சுத்தினே” என்று சொல்ல அவளுக்கு முழு உரிமை இருந்தது. அப்படி ஒரு நினைப்பு அவளுக்கு வந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. வந்திருந்தாலும் நான் பார்க்கவில்லை.

இதில் சிரிப்பான விஷயமும் இல்லாமல் இல்லை. பட்டியலின் அடியில் ஃபாவா பீன்ஸ் என்று இருந்தது. அதற்கு நேரே ‘பிராட் பீன்ஸ்’ என்றும் போட்டிருந்தார்கள். காய்கறிக் கடையில் நம்மவர்கள் அவரைக்காய்க்குத்தானே அந்த இங்கிலீஷ் பெயரைச் சொல்கிறார்கள்! உடனே அவரையும் மொச்சையும் வீட்டை விட்டுப் போயின. ஒரு பொங்கல் மொச்சை இல்லாமல் நடந்தது. இது எங்கள் ஜில்லாவில் சாமான்ய காரியமல்ல. பிறகுதான் டாக்டரம்மாள் சிரித்துக்கொண்டே, அது மத்தியதரைக் கடல் பக்கத்துப் பயறு, வடக்கே பாக்லா என்பார்கள், நம் மொச்சை வேறே செடி என்று விளக்கினார். ஸார்டினியாத் தீவில் அந்தப் பயறு காய்க்கும் காலத்தில் பிள்ளைகளுக்கு இரத்தம் உடைவது பழைய கதையாம். பித்தகோரஸ் என்ற கிரேக்க ஞானி சிஷ்யர்களை அந்தப் பயற்றைத் தொடாதே என்று சொல்லிவைத்தாராம். இதனால்தான் சொன்னாரா, வேறே எதற்காகவோ சொன்னாரா, யார் கண்டது? மருதாணியும் பச்சைக் குழந்தைக்குக் கூடாது என்றார் டாக்டரம்மாள். உள்ளங்காலில் ஒரு பொட்டு வைப்பதற்காக அம்மாயி கொல்லையில் பறித்து வைத்திருந்த இலையை, அம்மா, “அரைச்சா சளி பிடிக்கும்மா” என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனாள்.

மருமகனுக்கு இப்போது பதினாலு வயது. கிரிக்கெட் ஆடுகிறான், ஒரு குறையும் இல்லை. பள்ளிக்கூடப் பையில் ஒரு அட்டை இருக்கிறது. ஆகாத மருந்துகள் எல்லாம் அதில் எழுதியிருக்கிறது. அம்மாவுக்கு அட்டை வேண்டாம். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் அந்தப் பெயர்களைக் கந்த சஷ்டி கவசம் போல நிறுத்தாமல் சொல்லுவாள். மருந்துக்கடைப் பையன் எதைக் கொடுத்தாலும், “தம்பி, இதுல அது இல்லையே?” என்று கேட்டுவிட்டுத்தான் காசை எடுப்பாள்.

அம்மாயி 2015-இல் காலமானாள். காரியம் எல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் போன பிறகு, அம்மாவும் நானும் அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். திறக்கும்போது நான் என்னை அறியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த வாசனை வரவில்லை.

மேலே அவளுடைய இரண்டு நூல் புடவைகள். கீழே, காகிதம் விரித்து, தாத்தாவின் அங்கவஸ்திரம், மாமாவின் ஹாஸ்டல் போர்வை. மடிப்புக்கு மடிப்பு காய்ந்த வேப்பிலையும், துணி முடிச்சில் வசம்பும் வைத்திருந்தாள். உருண்டை ஒன்றுகூட இல்லை. ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த தூளையும் ஈரத்துணியால் துடைத்திருந்தது தெரிந்தது. இலை பல நாள் பட்டது, தொட்டால் பொடிந்தது.

“நீ சொன்னியா?” என்று அம்மா கேட்டாள்.

“இல்லை.”

தங்கையைக் கேட்டோம். அவளும் சொல்லவில்லை.

அம்மா வசம்பு முடிச்சை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள். “பொழுது போச்சு. அவனுக்கு நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. எழுந்திரு” என்று சொல்லிப் பெட்டியை மூடினாள்.